இரண்டு கோந்தை, ஓர் அச்சு, ஒரு கவைக்கம்பு

நுங்கு வண்டிக்கு எடுத்த முதல் கோந்தை பிளந்துவிட்டது. சுத்தியலால் நாலு தட்டுத்தான் தட்டியிருப்பேன். வேப்பங்கம்பின் கூர்முனை ஒழுங்காக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவது தட்டில் படக்கென்று ஒரு சத்தம். ஒரு கண்ணிலிருந்து விளிம்பு வரை வெடிப்பு ஓடி, காய் வாயைத் திறந்துகொண்டது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, சின்னப் பிள்ளையில நீங்க சுத்தியல் வச்சா அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

இல்லை. அப்போது எங்களிடம் சுத்தியல் ஏது? ஒரு கோடை விடுமுறைக்கு இருபது நுங்கு வண்டியாவது செய்திருப்பேன். ஆனாலும் அச்சை எப்படி இறக்கினோம் என்பது கைக்கு மறந்துபோயிருந்தது. கடைசியாகச் செய்தது ஏழாம் வகுப்பு விடுமுறையில். இப்போது என் மகளே நாலாம் வகுப்பு முடித்துவிட்டாள். மே மாதம் அவளையும் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது, இருக்கிற பதினோரு நாளில் நான் விளையாடிய சாமான்களை அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதில் என்ன சரியாக வந்தது, எது உடைந்தது, எதை எப்படிச் சரிசெய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். யாராவது செய்து பார்த்தால் எனக்குப் பிளந்த அந்த முதல் காய் அவர்களுக்குப் பிளக்காமல் இருக்கட்டும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நுங்கைத் தோண்டித் தின்ற பிறகு கையில் மிஞ்சும் வெறும் காய்க்கு எங்கள் பக்கம் கோந்தை என்று பெயர். இரண்டு கோந்தையை ஒரு குட்டைக் கம்பின் இரு முனையிலும் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயிற்று. நுனியில் இரண்டாகப் பிரியும் ஒரு நீளக் கம்பை எடுத்து, அந்தக் கவையை அச்சில் கொடுத்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அவ்வளவுதான் நுங்கு வண்டி. ஆணி கிடையாது, கயிறு கிடையாது.

காய் பொறுக்கியது

ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டை ஒட்டி. செம்மணல் மேடும் பனையும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்த உலகம். வீட்டுக்குப் பின்னால் நான் சிறுவனாக இருந்தபோது ஏழு பனை நின்றது. இப்போது மூன்று. அதிலும் இரண்டு ஆண்பனை. பாளை விடும், காய்க்காது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். எங்கள் நாலு பனையும் அதற்கு வெகுகாலம் முன்பே செங்கல் சூளைக்குப் போய்விட்டன. ஒரு வடலி வளர்ந்து காய்ப்புக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதை நினைத்தால் அந்த வெற்றிடத்தைப் பார்க்க இன்னும் வலிக்கிறது.

மிஞ்சிய அந்த ஒரு பெண்பனையில் எதிர்வீட்டுப் பெரியப்பாவின் மகன் ஏறி இரண்டு குலை வெட்டிப் போட்டான். பெரியப்பா அந்தக் காலத்துப் பனையேறி. இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கீழே உட்கார்ந்தபடியே அரிவாளால் காய்களைச் சீவிக் கொடுத்தார். வண்டிக்குக் காய் சீவுவது தனி வேலை. மூன்று கண்ணும் திறக்கிற அளவுக்கு மேலாக மட்டும் ஒரு சீவல் எடுக்க வேண்டும். ஆழமாகச் சீவினால் சுளையை எடுக்கச் சுலபம், ஆனால் சக்கரம் மெலிந்துபோகும்.

தின்பதும் கட்டைவிரலால்தான். விரலைக் கண்ணுக்குள் விட்டு ஓரம் சுற்றி நெம்பி, வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். என் மகளுக்கு இது புதிது. நாங்கள் இருக்கும் நகரத்தில் நுங்கு விற்கிறவர்கள் காயைக் கொத்தி, சுளையை மட்டும் எடுத்துப் பையில் போட்டுத் தருகிறார்கள். முழுக் காயை அவள் கையில் பிடித்ததே இல்லை. அங்கே சக்கரம் எல்லாம் தள்ளுவண்டிக்குக் கீழே குப்பையாகக் கிடக்கிறது.

முதல் தவறு இங்கேயே நடந்தது. கிடைத்த கோந்தையில் இரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டேன். நுங்குக்குப் பெரும்பாலும் மூன்று கண். சில காயில் ஒரு கண் வளராமல் சூம்பிப்போயிருக்கும். அந்தப் பக்கம் காயும் சற்றுச் சப்பையாக இருக்கும். தின்னும்போது ஒரு சுளை குறைகிறது, அவ்வளவுதான். சக்கரமாக ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குதி குதிக்கும். மூன்று கண்ணும் ஒரே அளவாக, முக்கோணம் போட்ட மாதிரி இருக்கிற காயைத்தான் எடுக்க வேண்டும். முற்றிப்போன காயும் வேண்டாம், ரொம்ப இளசும் வேண்டாம். முற்றியதில் அச்சு இறங்காது. இளசு இரண்டே நாளில் சுருங்கிவிடும்.

அச்சு இறங்கியது

மூன்று கண்ணுக்கும் நடுவில் நார் நெருக்கமாக ஓடுகிற ஒரு திடமான இடம் இருக்கும். அச்சு அதில்தான் இறங்க வேண்டும். அரை விரல் நகர்ந்தாலும் கண்ணின் சுவரைக் கிழித்துக்கொண்டு போய்விடும். நான் நடுவில்தான் வைத்திருந்தேன். ஆனாலும் பிளந்தது. இரண்டாவது காயை எடுத்துச் சுத்தியலைத் தூக்கினேன்.

"குத்தாதல. திருகு" என்றார் பெரியப்பா, தலையைத் தூக்காமலே.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் கைக்குத் திரும்பி வந்தது. காயைத் தரையில் வைத்து இரண்டு பாதத்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பை இரண்டு கையாலும் நெட்டுக்குத்தாகப் பிடித்து, உடம்புப் பாரத்தை மேலே போட்டு வலமும் இடமுமாகத் திருக வேண்டும். அடித்தால் கம்பு ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. நாரை இரு பக்கமும் தள்ளிப் பிளக்கிறது. திருகினால் முனை நாரை அரைத்து அரைத்துத் தனக்கு வழி செய்துகொள்கிறது. நாலு விரற்கடை இறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளங்கை சிவந்துபோனது. காய்க்குள்ளிருந்து பால் மாதிரி கொஞ்சம் தண்ணீர் கசிந்து கம்பு வழியாக இறங்கியது. பச்சைத் தேங்காய் மட்டையை உரித்தால் வருமே, அது மாதிரி ஒரு வாடை. எனக்குப் பத்து வயதின் வாடை அது.

கம்பைச் சீவுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பென்சில் மாதிரி நீளமாகக் கூராக்கினால் சுலபமாக இறங்கும். ஆனால் காய் கொஞ்சம் சுருங்கியதும் கழன்றுவிடும், ஏனென்றால் பிடிப்பு முழுவதும் முனையில்தான் இருக்கிறது. கூர் ஒரு விரற்கடை போதும். அதற்குப் பின்னால் நாலு விரல் நீளத்துக்குக் கம்பை நாலு பக்கமும் லேசாகச் சீவிச் சதுரமாக்கிவிட்டேன். சதுரக் கம்பு உருண்டை ஓட்டைக்குள் இறுகினால் சக்கரம் தனியாகச் சுற்றாது. அது ஏன் முக்கியம் என்பது நாலாம் நாள்தான் தெரிந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

என் கணக்கில் அச்சு மொத்தம் 34 சென்டிமீட்டர், கனம் என் கட்டைவிரல் அளவு. சக்கரங்களுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் வெளியே தெரிந்தது. வெட்டு முகம் உள்ளே பார்க்க வைப்பதா, வெளியே பார்க்க வைப்பதா என்று அந்தக் காலத்தில் எங்களுக்குள் சண்டையே நடக்கும். வெளியே பார்க்க வைத்தால் மூன்று கண்ணும் தெரியும், வண்டிக்கு முகம் வந்துவிடும். ஆனால் காம்புப் பக்கமாகக் குத்த வேண்டும், அது கெட்டி. நாங்கள் இந்தத் தடவை இரண்டு விதமும் செய்தோம். ஓட்டத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முகம் வெளியே இருப்பதுதான் பிடித்தது. அதற்காக இன்னொரு கால் மணி நேரம் திருகியது அவர்கள்தான்.

கவைக்கு வேலிக்கருவை. முள்ளைக் கழித்துவிட்டால் அதைப் போல உறுதியான கம்பு எங்கள் பக்கம் வேறு இல்லை. நாலரை அடி நீளம், நுனியில் பிரியும் இரண்டு கொம்பும் நாலு விரல் நீளம். கொம்பு ரொம்ப விரிந்திருந்தால் மேட்டில் குதிக்கும்போது அச்சு வெளியே வந்துவிடும். இரண்டு விரல் நுழைகிற அளவு இடுக்கு போதும். ஒரு கொம்பு அச்சுக்கு மேலே, ஒரு கொம்பு கீழே, அச்சு இடுக்கில் உட்கார வேண்டும். அந்த இடுக்கில் பட்டையை உரித்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அப்போதெல்லாம் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவோம். பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை.

வட்டமடித்த வண்டி

முதல் ஓட்டம். மகள் கவையை அச்சில் வைத்துத் தள்ளினாள். வண்டி இடது பக்கமாக ஒதுங்கியது. நிமிர்த்தித் தள்ளினாள். மறுபடியும் இடது பக்கம். முற்றத்தில் ஒரு முழு வட்டம் அடித்து, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றாள். அக்கா மகன், "மாமா, கவை கோணலா இருக்கு" என்றான். கவையை மாற்றிப் பார்த்தோம். அதே வட்டம்.

கோணல் சக்கரத்தில் இருந்தது. ஒரு நூலை எடுத்து இரண்டு கோந்தையையும் சுற்றி அளந்தோம். வலது பக்கம் 38 சென்டிமீட்டர், இடது பக்கம் 35. இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒரு சுற்றுக்கு வலது சக்கரம் 38 போக வேண்டும், இடது 35 போக வேண்டும். புனலைத் தரையில் படுக்கப் போட்டு உருட்டினால் நேராகப் போகாமல் தன் மூக்கைச் சுற்றியே வருமே, அதே கதை. அக்கா மகனுக்குக் கணக்கு பிடிக்கும். சக்கரங்களுக்கு நடுவே உள்ள இருபதை முப்பத்தெட்டால் பெருக்கி, வித்தியாசமான மூன்றால் வகுத்தால் வெளிச் சக்கரம் போகிற வட்டத்தின் ஆரம் வந்துவிடும் என்று மண்ணில் எழுதிக் காட்டினேன். 253 சென்டிமீட்டர். மணலில் பதிந்திருந்த தடத்தை டேப் வைத்துக் குறுக்கே அளந்தோம். ஐந்து மீட்டருக்கு ஒரு சாண் கூடுதல். அவன் அந்தத் தடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் வரவே இல்லை.

நாங்கள் எப்போதும் நூல் வைத்து அளந்ததில்லை. இரண்டு கோந்தையின் வெட்டு முகத்தையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்து, சேரும் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்போம். எங்கேயாவது படி தட்டினால் ஜோடி சரியில்லை. காயைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். விரலுக்கு ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியும். இதை மகளிடம் காட்டினேன். குவியலில் கிடந்த பதினாறு கோந்தையையும் அவள் ஒவ்வொன்றாக ஒட்டித் தடவி, நாலு ஜோடி பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டாள். அன்று சாயங்காலம் வண்டி நேராக ஓடியது. தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பினாள். அச்சு கவையில் உரசி 'கீச்' என்று கத்தியது. அம்மா வாசலில் நின்று, "ஆச்சிக்கு ஒரு துட்டுக் குடுத்துட்டுப் போ வண்டிக்காரி" என்றாள். இடுக்கில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டதும் சத்தம் நின்றது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. எண்ணெயை மண் போட்டுத் துடைத்துவிட்டார்கள்.

பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குக் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டுவது. பெண் குழந்தைக்கு அந்த இடத்தில் ஊசல். எங்கள் தெருவிலும் அப்படித்தான் இருந்தது. அக்கா ஒருநாள்கூட நுங்கு வண்டி ஓட்டியதில்லை, அவளுக்கு வேப்ப மரத்து ஊஞ்சல்தான். இந்தத் தடவை போனில் மகளுடைய வண்டியைக் காட்டியதும், "எனக்கும் ஒண்ணு செஞ்சு வைடா, வர்றேன்" என்றாள்.

என் யோசனை ஒன்று கெட்டது

நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை. அச்சும் சக்கரமும் சேர்ந்து சுற்றுவதால்தானே கவையில் உரசல், சைக்கிள் மாதிரி அச்சு நிற்க, சக்கரம் மட்டும் சுற்றினால் என்ன? வீட்டில் கிடந்த பிவிசி குழாயில் இரண்டு துண்டு அறுத்து, கோந்தைக்குள் செருகி, அதற்குள் கம்பை விட்டு, முனையில் ஆணி அடித்துத் தடுத்தேன். சக்கரம் இரண்டும் விரலால் தட்டினாலே சுற்றியது. எனக்குப் பெரிய திருப்தி.

தள்ளியபோது வண்டி பத்தடி போகவில்லை. அச்சு கவைக்குள் குறுக்காகத் திரும்பிக்கொண்டு, ஒரு சக்கரம் முன்னாலும் ஒரு சக்கரம் பின்னாலுமாக நின்றுவிட்டது. நிமிர்த்தித் தள்ளினால் மறுபடியும். அரை மணி நேரம் முயன்றோம். ஏன் என்று அன்று ராத்திரி படுத்தபடி யோசித்ததில்தான் பிடிபட்டது. கவை அச்சைத் தொடுவது நடுவில் ஒரே இடத்தில். வண்டி நேராக நிற்பதற்கு அந்த ஒரு புள்ளி போதாது. இரண்டு சக்கரமும் அச்சோடு இறுகியிருக்கும்போது, வண்டி திரும்ப வேண்டுமென்றால் ஒரு சக்கரமாவது தரையில் வழுக்கியாக வேண்டும். அந்த வழுக்க மறுக்கிற பிடிவாதம்தான் வண்டியை நேராக வைக்கிறது. சக்கரத்தை விடுவித்ததும் அந்தப் பிடிவாதம் போய்விட்டது. ரயில் சக்கரமும் அச்சோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது.

அப்புறம் திருப்புவது எப்படி? கவையை அச்சில் ஒரு பக்கமாக நகர்த்தித் தள்ள வேண்டும். வலது பக்கம் நகர்த்தினால் வலது சக்கரம் முந்தும், வண்டி இடது பக்கம் திரும்பும். சின்ன வயதில் ஓட்டத்தோடு ஓட்டமாக மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி இதைச் செய்வோம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. முப்பது வருஷம் கழித்து, பிவிசி குழாய் போட்டுக் கெடுத்த பிறகுதான் எனக்கே காரணம் தெரிந்தது.

ஆட்டத்தில் பாதி பழுதுதான்

ஐந்தாம் நாள் காலையில் எடுத்தால் சக்கரம் இரண்டும் ஆடின. கோந்தை காயக் காயச் சுருங்கும். ஆனால் அச்சைப் பிடித்திருந்த நடுப்பகுதி தளர்ந்துபோகும். நாங்கள் அப்போது செய்தது ஆப்பு. பனை மட்டையில் தீக்குச்சி கனத்துக்குச் சிம்பு கிழித்து, அச்சைச் சுற்றி மூன்று இடத்தில் சம தூரத்தில் சொருகித் தட்ட வேண்டும். ஒரே பக்கம் சொருகினால் சக்கரம் கோணிக்கொள்ளும். துணியைச் சுற்றிச் செருகியும் பார்த்தோம், ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை. ராத்திரி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் ஒரு நாள் கூடுதலாக வரும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ எப்படியும் விளிம்பில் வெடிப்பு வந்துவிடும். அப்போது அச்சை உருவி, புதுக் கோந்தையில் திருக வேண்டியதுதான். அச்சும் கவையும் கோடை முழுக்க வரும். சக்கரம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். என் நினைவில் ஓட்டிய நேரத்தைவிட உட்கார்ந்து திருகிய நேரம்தான் அதிகம் தங்கியிருக்கிறது. திண்ணையில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து, காலுக்கிடையில் காயை வைத்துத் திருகிக்கொண்டே பேசின பேச்சு இருக்கிறதே, அது வேறு எந்த ஆட்டத்திலும் இல்லை.

தேரி மணலில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். அகலமான சக்கரம் என்பதால் பாதிதான் புதைகிறது, தள்ளிவிடலாம். சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டுகிற ஆட்டம் இதே மணலில் நடக்காது, அது கெட்டித் தரைக்கு உரியது. டயர் ஒன்று கிடைத்தது, அக்கா மகன் அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டான். அதில் செய்முறை என்று ஒன்றும் இல்லை.

ஓலைக் காற்றாடி

இதற்கு வேண்டியது பனை ஓலையில் இரண்டு கீற்று, உடை மரத்து முள் ஒன்று, ஒரு சோளத்தட்டை. குருத்தோலை துவளும், காய்ந்த ஓலை மடித்தால் ஒடியும். வெட்டிய ஓலையை இரண்டு மணி நேரம் நிழலில் போட்டு வைத்தால் பதம் சரியாக வரும். ஈர்க்கை உரித்துவிட்டு இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்குக் கீற்று வெட்டிக்கொண்டோம். இரண்டையும் கூட்டல் குறி மாதிரி குறுக்காக வைத்து, நடுவில் முள்ளைக் குத்தி, சோளத்தட்டைக்குள் மெத்தென்று இருக்கும் சோற்றுக்குள் இறக்க வேண்டும். உடை முள் வெள்ளையாக விரல் நீளத்துக்கு இருக்கும். அதன் அடி தடித்திருப்பதால் ஓலை முன்பக்கமாகக் கழன்று போகாது.

முதலில் செய்தது சுற்றவில்லை. காரணம் ஓட்டை. குத்திய முள்ளையே அச்சாக விட்டால் ஓலை அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். தடித்த முள்ளால் ஓட்டை போட்டுவிட்டு மெல்லிய முள்ளை அச்சாக வைக்க வேண்டும். தட்டைக்கும் ஓலைக்கும் நடுவே ஒரு சின்ன ஓலைத் துண்டைக் கோர்த்துவிட்டால் உரசலும் குறையும். அடுத்தது முறுக்கு. ஒவ்வொரு இறக்கையையும் ஒரே திசையில், கொஞ்சமாக, முறுக்கிவிட வேண்டும். எதிரெதிராக இருக்கும் இரண்டு இறக்கையை நேராகப் பார்த்தால் ஒன்று வலது பக்கமும் மற்றது இடது பக்கமும் சாய்ந்திருக்கும். மகள் நாலையும் ஒரே பக்கம் சாய்த்துவிட்டாள், காற்றாடி நடுங்கியதே தவிர சுற்றவில்லை. இரண்டைத் திருப்பியதும் கையிலிருந்து எகிறுகிற மாதிரி சுற்றியது. மூன்று மணிக்கு மேல் கடல் காற்று ஏறும்போது சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலே போதும். அதற்கு முன்னால் என்றால் ஓட வேண்டும்.

பூவரசம் இலையைச் சுருட்டி, ஒரு நுனியை லேசாக நசுக்கிப் பீப்பி ஊதியது எல்லாம் ஐந்து நிமிட வேலை. தேய்ந்த ரப்பர் செருப்பில் சக்கரம் வெட்டுவதற்கு மூன்று வீடு கேட்டும் பழைய செருப்பு கிடைக்கவில்லை. சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டையில் நூல் கோர்த்து விர்ரென்று இழுக்கிற சுழற்றி செய்தோம். அதன் விளிம்பை அம்மிக்கல்லில் நன்றாகத் தேய்த்து மழுக்கிய பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுத்தேன்.

மட்டை வண்டி மட்டும் செய்ய நான் தயங்கினேன். ஓலையோடு ஒரு முழு மட்டையை எடுத்து, அகன்ற அடிப்பாகத்தில் ஒருவர் உட்கார, ஓலைப் பக்கத்தைப் பிடித்து இன்னொருவர் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். பச்சை மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு, ரம்பப் பல். ஒன்பது வயதில் கருக்கு எடுக்காத மட்டையில் உட்கார்ந்து, திருப்பத்தில் சரிந்து, இடது முழங்காலுக்குக் கீழே ஆறு தையல் போட்டார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டினேன். பிறகு பெரியப்பா அரிவாளால் இரண்டு ஓரத்தையும் அரை விரல் அகலத்துக்குச் சீவி எறிந்தார். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப உக்காரச் சொல்லு" என்றார். செம்மண் புழுதி எழும்ப இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தார்கள். இழுத்த தடம் ராத்திரி வரை தெருவில் கிடந்தது.

கிளம்பும் நாளில் மகள் அச்சையும் கவையையும் எடுத்து வைத்துக்கொண்டாள். சக்கரம் வெடித்திருந்தது, அதை விட்டுவிட்டாள். நாலரை அடிக் கம்பை ரயிலில் இருக்கைக்குக் கீழே வைக்க முடியவில்லை. மேல் படுக்கையில் அவளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு வந்தது.

நகரத்துக்குத் திரும்பிய மறு வாரம் சாலையோரத்தில் நுங்கு விற்கிறவரிடம் நின்றோம். அவர் கத்தியை எடுத்ததும், "அண்ணா, கொத்தாதீங்க. மேல மட்டும் சீவிக் குடுங்க, நாங்க விரலால எடுத்துக்கிறோம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சீவிக் கொடுத்த இரண்டு காயையும் வாங்கி, சுளையைத் தின்றுவிட்டு, அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து இரண்டின் முகத்தையும் ஒட்டி வைத்துக் கட்டைவிரலால் சுற்றித் தடவினாள். ஒன்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இதுல ஒரு கண்ணு சூம்பியிருக்குண்ணா. இந்த அளவுக்கு இன்னொண்ணு சீவுங்க."